ஸ்பைடர்மேன் 3: விமர்சகர்கள் ஏன் இரண்டுபட்டார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூப்பர்ஹீரோ படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அது எப்படியும் சாம் ரைமி இயக்கிய மூன்றாவது ஸ்பைடர்மேன் படத்தில் வந்து நிற்கிறது. வந்து நின்றதும் வாதம் தொடங்கிவிடுகிறது. "குப்பைப் படம்" என்று ஒருவர் ஒதுக்குவார். "அநியாயமாகத் திட்டித் தீர்த்துவிட்டார்கள்" என்று இன்னொருவர் குமுறுவார். இரு தரப்பாரிடமும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். படத்தின் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஸ்பைடர்மேன் படங்கள்தான் ஏகப்பட்டவை இருக்கின்றனவே, எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

ரைமியின் இயக்கத்தில் டோபி மெக்வயர் பீட்டர் பார்க்கராக, அதாவது ஸ்பைடர்மேனாக, நடித்த மூன்று படங்களில் கடைசிப் படம். முதலாவது 2002-இலும் இரண்டாவது 2004-இலும் வந்தன. மூன்றாவது 2007 மே 4 அன்று அமெரிக்காவில் வெளியானது. காதலி மேரி ஜேனாக கிர்ஸ்டன் டன்ஸ்ட், நண்பன் ஹாரியாக ஜேம்ஸ் ஃபிராங்கோ ஆகியோர் தொடர்ந்தார்கள். சாண்ட்மேனாக தாமஸ் ஹேடன் சர்ச், வெனமாக டோஃபர் கிரேஸ், பீட்டரின் வகுப்புத் தோழி க்வென் ஸ்டேசியாக பிரைஸ் டல்லஸ் ஹோவர்ட் ஆகியோர் புதிதாக வந்து சேர்ந்தார்கள்.

கதை இதுதான். ஊரே கொண்டாடும் நாயகனாகிவிட்ட பீட்டருக்குத் தலைக்கனம் ஏறுகிறது. விண்கல்லோடு வந்த கறுப்புப் பொருள் ஒன்று அவன் உடையில் ஒட்டிக்கொண்டு, அவனுக்குள் இருக்கும் ஆத்திரத்தையும் அகந்தையையும் பெருக்குகிறது. தந்தையைக் கொன்றவன் பீட்டர்தான் என்று நம்பும் ஹாரி பழிவாங்கக் காத்திருக்கிறான். சிறையிலிருந்து தப்பிய ஃபிளின்ட் மார்க்கோ மணல் உடல் பெற்று சாண்ட்மேனாகிறான். பீட்டர் கழற்றி எறியும் கறுப்பு உடை, அவனை வெறுக்கும் புகைப்படக்காரன் எடி பிராக்கிடம் போய்ச் சேர்ந்து அவனை வெனமாக்குகிறது. இந்த நான்கு கதைகளும் ஒரே படத்தில் இருக்கின்றன.

படம் தோல்விதானே?

இல்லை. ஏறத்தாழ 26 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுவதும் 89 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அமெரிக்காவில் முதல் மூன்று நாள் வசூல் மட்டும் 15 கோடி டாலரைத் தாண்டியது. அன்றைக்கு அது சாதனை. உலக வசூலில் மூன்று பாகங்களிலும் இதுதான் முதலிடம்.

அதே சமயம், அமெரிக்க வசூலை மட்டும் எடுத்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. முதல் பாகம் 40 கோடி, இரண்டாவது 37 கோடி, மூன்றாவது 33 கோடி டாலருக்குச் சற்று மேல். இரண்டாம் வாரயிறுதியில் வசூல் 60 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. எதிர்பார்ப்பு தியேட்டர் வரை கூட்டி வந்த கூட்டம் மறுமுறை வரவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 63 சதவீதம் இருக்கிறது. நூற்றுக்கு 63 மதிப்பெண் நல்ல மதிப்பெண் இல்லையா?

அதிகமானோர் தடுமாறும் இடம் இது. அந்தச் சதவீதம் மதிப்பெண் அன்று. எத்தனை விமர்சகர்கள் "பார்க்கலாம்" என்ற பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு மட்டுமே. பத்துப் பேரில் ஆறு பேர் "பரவாயில்லை" என்று சொல்லி, நான்கு பேர் "சுமார்தான்" என்று சொன்னாலும் 60 வரும். ஆறு பேர் "காலத்தால் அழியாத படம்" என்று தலையில் தூக்கிவைத்து, நான்கு பேர் காறித் துப்பினாலும் அதே 60 வரும். எவ்வளவு பிடித்தது, எது பிடித்தது என்பவற்றை அந்த எண் சொல்லாது.

மெட்டாகிரிட்டிக் தளம் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் ஒரு மதிப்பெண் போட்டு சராசரி எடுக்கிறது. அங்கே இந்தப் படத்துக்குக் கிடைத்தது 59. தியேட்டரை விட்டு வெளியே வருபவர்களிடமே கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் 'பி பிளஸ்'. முந்தைய இரண்டு பாகங்களுக்கும் அதே கணிப்பில் 'ஏ மைனஸ்' கிடைத்திருந்தது. ஆக, விமர்சகர்களும் பொதுமக்களும் வெவ்வேறு படம் பார்த்துவிட்டு வரவில்லை. இரு தரப்பாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஏமாற்றம் இருந்திருக்கிறது.

சுமாரான வரவேற்புதானே, அதற்கு ஏன் இவ்வளவு புலம்பல்?

முன்னால் வந்த படத்தால்தான். இரண்டாம் பாகத்துக்கு ராட்டன் டொமேட்டோஸில் 93 சதவீதம், மெட்டாகிரிட்டிக்கில் 83. சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதும் கிடைத்தது. அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற விமர்சகரான ராஜர் ஈபர்ட் இரண்டாம் பாகத்துக்கு முழுதாக நான்கு நட்சத்திரம் கொடுத்தார். மூன்றாம் பாகத்துக்கு அவர் கொடுத்தது இரண்டு. ஒரே இயக்குநர், ஒரே நாயகன், இடையில் மூன்றே ஆண்டுகள்.

இரண்டாம் பாகத்தில் ஒரு வில்லன், ஒரு கேள்வி. தனக்கென்று வாழ்க்கை வேண்டுமா, ஊருக்கு உழைக்க வேண்டுமா என்ற அந்த ஒரே தவிப்பைச் சுற்றி ஒவ்வொரு காட்சியும் அமைந்திருந்தது. அதை ரசித்தவர்கள்தான் மூன்றாம் பாகத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

சரி, விமர்சகர்கள் குறிப்பாக எதைக் குறை சொன்னார்கள்?

முதல் குறை, நெரிசல். மூன்று எதிரிகள், இரண்டு பெண்கள், ஒரு கறுப்பு உடை என்று எல்லாவற்றையும் 139 நிமிடங்களுக்குள் திணித்தது. ஈபர்ட்டின் விமர்சனமும் எல்லாமே தேவைக்கு அதிகம் என்ற குறையைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது.

இரண்டாவது குறை, தற்செயல்களை நம்பி நகரும் கதை. இத்தனை பெரிய உலகில் விண்கல் சரியாகப் பீட்டர் மேரி ஜேனோடு இருக்கும் பூங்காவிலேயே வந்து விழுகிறது. தலையில் அடிபட்ட ஹாரிக்கு வசதியாக நினைவு மறக்கிறது. கதைக்கு வேண்டியபோது திரும்பி வருகிறது. பீட்டர் தேவாலயக் கோபுரத்தில் உடையைக் கிழித்தெறியும் அதே நேரத்தில், கீழே பிராக் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறான். இவற்றையெல்லாம் மிஞ்சியது ஹாரி வீட்டுப் பணியாளரின் காட்சி. ஹாரியின் தந்தை தன் ஆயுதத்தாலேயே இறந்தார் என்ற உண்மை அவருக்குத் தெரியும். இத்தனை காலமும் வாயைத் திறக்காதவர், உச்சக்கட்டத்துக்குச் சற்று முன்பு வந்து சொல்கிறார். முதலிலேயே சொல்லியிருந்தால் ஹாரியின் பகை எப்போதோ தீர்ந்திருக்கும். இந்தக் காட்சிக்காக யாராவது வாதாடி நான் கேட்டதில்லை.

பாராட்டும்படி ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. சாண்ட்மேன் பிறக்கும் காட்சி. சூப்பர்ஹீரோ படங்களின் மொத்த வரலாற்றிலும் மிகச் சிறந்த சில நிமிடங்களில் அதைச் சேர்ப்பேன். படத்தைப் பிடிக்காத விமர்சகர்களில் பலர் கூட அதைப் பாராட்டினார்கள்.

துரத்தும் போலீஸிடமிருந்து தப்பி ஓடும் மார்க்கோ, இயற்பியல் சோதனை நடக்கும் பள்ளத்தில் விழுகிறான். அவன் உடல் துகள் துகளாகச் சிதறி மணலோடு கலக்கிறது. பிறகு வசனமே இல்லை. ஒரு மணல் துகள் உருள்கிறது, இன்னொன்று சேர்கிறது. குவியல் ஒன்று எழ முயன்று சரிகிறது. மறுபடி எழுகிறது, முகம் போன்ற ஒன்று தெரிகிறது, மறுபடி சரிகிறது. மகளின் படம் உள்ள லாக்கெட் பக்கத்தில் கிடக்கிறது. அதை எடுக்க நீளும் கை, தொட்டதும் உதிர்ந்துபோகிறது. அந்த லாக்கெட்டை எடுக்க வேண்டும் என்ற ஒரே தவிப்பில்தான் அவன் விரல்களை வரவழைக்கிறான், கையை இறுக்குகிறான், எழுந்து நிற்கிறான். கிறிஸ்டோஃபர் யங்கின் இசையும் அவனோடு சேர்ந்து மெல்ல எழுகிறது. கணினியில் உருவான ஒரு மணல் குவியலுக்கு ஒரு தகப்பனின் முகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு ஆஸ்கார் காட்சி விளைவுப் பிரிவின் பரிந்துரைப் பட்டியலில் கூட இந்தப் படம் இடம்பெறவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நான் சொல்ல விரும்புவதும் இதை ஒட்டியதுதான். புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் பெரும்பாலும் ஒரே காட்சியைப் பற்றிச் சண்டையிடவில்லை. இந்தப் படத்துக்குள்ளேயே மிக நல்ல படம் ஒன்றும் அவசரத்தில் செய்த படம் ஒன்றும் சேர்ந்து கிடக்கின்றன. எதற்கு அதிக எடை கொடுப்பது என்பதில்தான் கருத்து பிரிந்தது.

இவ்வளவு நல்ல வில்லனை வைத்துக்கொண்டு வெனமை எதற்குச் சேர்த்தார்கள்?

ரைமிக்கு அதில் விருப்பம் இல்லை. அவர் படித்து வளர்ந்தது பழைய காமிக்ஸ். சாண்ட்மேன் 1963-லேயே ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ கூட்டணியில் உருவானவன். வெனம் 1988-இல் வந்தவன். அடுத்த தலைமுறை வாசகர்களுக்கு உயிர். ரைமி முதலில் வல்ச்சர் என்ற முதிய வில்லனைச் சேர்க்க நினைத்தார். அதற்காக நடிகர் பென் கிங்ஸ்லியோடு பேச்சும் நடந்தது. தயாரிப்பாளர் அவி அராட்தான் ரசிகர்கள் வெனமைக் கேட்கிறார்கள் என்று வற்புறுத்தினார். வல்ச்சர் வெளியே போனான், வெனம் உள்ளே வந்தான். பிற்காலத்தில் அராடே அந்தத் தவற்றைத் தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார்.

விளைவு திரையில் தெரிகிறது. படம் முக்கால் பங்கு முடிந்த பிறகுதான் வெனம் முழு உருவத்தில் வருகிறான். அதைவிடப் பெரிய இழப்பு சாண்ட்மேனுக்கு. சுரங்கப்பாதைச் சண்டையில் தண்ணீரில் கரைந்து போகிறவன், நெடுநேரம் கண்ணிலேயே படுவதில்லை. பிறகு ஒரு சந்தில் வெனம் அவனைச் சந்தித்து நாலு வார்த்தை பேசுகிறான், உடனே கூட்டணி. மகளுக்காக உடலையே திரட்டிக்கொண்டு எழுந்தவனைக் கடைசியில் வெறும் அடியாளாக நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தெரு நடனம்தான் படத்தைக் கெடுத்தது என்று எல்லோரும் சொல்கிறார்களே?

எல்லோரும் சொல்வது உண்மை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நெற்றியில் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவில் போகும் பெண்களைச் சுட்டிக்காட்டிக்கொண்டு, இடுப்பை ஆட்டி நடக்கும் பீட்டரைப் பார்த்தால் அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். கூச்சத்தோடு வளர்ந்த ஒரு பையன், 'மிடுக்கு' என்றால் என்ன என்று தன் மனதில் போட்டுவைத்திருந்த படம் அது. எதிரே வரும் பெண்கள் அவனைப் பார்த்து முகம் சுளிப்பதை கேமரா மறைக்கவே இல்லை. அவன் மட்டும்தான் தன்னைக் கதாநாயகனாக நினைத்துக்கொள்கிறான்.

அடுத்து வரும் ஜாஸ் கிளப் காட்சியோடு சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மேரி ஜேன் வேலை பார்க்கும் இடத்துக்கே க்வெனை அழைத்துப்போய், மேரி ஜேனைக் காயப்படுத்துவதற்காக ஆடுகிறான். அது க்வெனுக்கும் புரிந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு அவள் வெளியேறுகிறாள். அடுத்த கைகலப்பில் அவன் கை மேரி ஜேன் மீதே விழுகிறது. சிரிப்பாகத் தொடங்கியது அங்கே கசந்துபோகிறது. ஒரு குறை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டியது: ட்ரெய்லர்கள் கறுப்பு உடையை இருண்ட, பயங்கரமான விஷயமாகக் காட்டியிருந்தன. அதை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இந்தக் காட்சி அதிர்ச்சியாக இருந்ததில் வியப்பில்லை.

பென் சித்தப்பாவைக் கொன்றது வேறு ஒருவன் என்று மாற்றியது ரசிகர்களுக்குச் செய்த துரோகம் இல்லையா?

துரோகம் என்பது பெரிய வார்த்தை. ஆனால் கோபம் நியாயமானது. முதல் பாகத்தில், பீட்டர் அலட்சியமாகத் தப்பவிட்ட திருடன்தான் சித்தப்பாவைச் சுடுகிறான். தன் அலட்சியத்தால் வந்த சாவு என்ற குற்றவுணர்வுதான் ஸ்பைடர்மேனின் வேர். சுட்டது மார்க்கோ என்று மூன்றாம் பாகம் சொல்லும்போது அந்த வேர் ஆட்டம் காண்கிறது.

ரைமி இதை எதற்குச் செய்தார் என்பது கடைசியில் விளங்குகிறது. தான் சுட நேர்ந்ததை மார்க்கோ சொல்கிறான். பீட்டர் அவனை மன்னிக்கிறான். மணல் காற்றோடு போகிறது. சூப்பர்ஹீரோ படத்தின் முடிவில் வில்லனை அடித்துக் கொல்லாமல் மன்னித்து அனுப்புவது துணிச்சலான முடிவு. அதற்குக் கொடுத்த விலை அதிகம் என்பது என் எண்ணம். பீட்டருக்கும் மார்க்கோவுக்கும் இன்னும் இரண்டு காட்சிகள் இருந்திருந்தால் விலை கட்டுப்படியாகியிருக்கும்.

இரண்டு படங்களாகப் பிரித்திருக்கலாமே?

யோசித்தார்கள். திரைக்கதையில் பங்காற்றிய ஆல்வின் சார்ஜென்ட் அப்படிப் பிரிக்க முயன்றார். முதல் பாதியை முடித்துவைக்க நிறைவான உச்சக்கட்டம் அமையாததால் கைவிட்டார்கள். சாண்ட்மேனின் கதையை ஒன்றிலும் வெனமை அடுத்ததிலும் வைத்திருந்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். கறுப்பு உடை இரண்டு கதைகளையும் பிணைத்துவிட்டதால் அறுப்பது எளிதாக இருந்திருக்காது.

இயக்குநரே மோசமான படம் என்று ஒப்புக்கொண்டுவிட்டாராமே, அதற்குப் பிறகும் என்ன வாதம்?

பல ஆண்டுகள் கழித்து ஒரு பாட்காஸ்ட் பேட்டியில் ரைமி அப்படிப் பேசியது உண்மை. எல்லாப் பாத்திரங்களின் மீதும் தனக்கு நம்பிக்கை இருக்கவில்லை, நேசிக்காத ஒன்றை, மற்றவர்கள் அவ்வளவு நேசிக்கும்போது, ஒரு இயக்குநர் எடுத்திருக்கக் கூடாது என்ற பொருளில் சொன்னார். நேர்மையான பேச்சு. அவர் நம்பாத பாத்திரம் எது என்பதை வெனம் பற்றிய பதிலில் பார்த்தோம்.

ஆனால் படைத்தவர் சொல்லிவிட்டார் என்பதற்காகப் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. மணல் திரண்டு எழும் காட்சியை எடுத்தவரும் அதே ரைமிதான். அங்கே நம்பிக்கைக் குறைவு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நான்காம் பாகம் நின்றுபோனதற்கு இந்த விமர்சனங்கள்தானே காரணம்?

நேரடிக் காரணம் அது இல்லை. வசூல் நன்றாக இருந்ததால் நான்காம் பாகத்துக்கான வேலை தொடங்கியது. 2011 மே மாதத்துக்கு வெளியீடும் குறித்திருந்தார்கள். மனதுக்கு நிறைவான திரைக்கதை குறித்த காலத்துக்குள் தயாராகாததால் ரைமி விலகினார். 2010 ஜனவரியில் படம் கைவிடப்பட்டது. மார்க் வெப் இயக்கத்தில், புதிய நாயகனோடு 2012-இல் கதை முதலிலிருந்து தொடங்கியது.

மறைமுகமாகத் தொடர்பு உண்டு. மூன்றாம் பாகம் தந்த மனக்குறையைப் போக்கும்படி மிக நல்ல படத்தோடு முடிக்க வேண்டும் என்று விரும்பியதாக ரைமியே சொல்லியிருக்கிறார். அரைகுறையாக இன்னொன்றை எடுக்க அவர் தயாராக இல்லை.

'எடிட்டர்ஸ் கட்' என்று இன்னொரு வடிவம் இருக்கிறதாமே, அதில் குறைகள் தீர்ந்துவிட்டனவா?

2017-இல் வெளிவந்தது. மூலப் படத்தைவிடச் சில நிமிடங்கள் குறைவு. காட்சிகளின் வரிசை ஆங்காங்கே மாறியிருக்கிறது. வீட்டுப் பணியாளர் உண்மையைச் சொல்லும் காட்சி இதில் இல்லை. ஹாரி தானாகவே நட்பின் பக்கம் திரும்புகிறான். அது ஒன்றுக்காகவே பார்க்கலாம். நெரிசலை மட்டும் எந்தப் படத்தொகுப்பாளராலும் தீர்க்க முடியாது. எடுக்காத காட்சியை எங்கிருந்து சேர்ப்பது?

சிறு வயதில் தமிழ் டப்பிங்கில் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விமர்சகர்களுக்கு ரசிக்கத் தெரியவில்லையா?

இந்தியாவில் இந்தப் படம் ஆங்கிலத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கு, போஜ்புரி மொழிகளிலும் வந்தது. அதனால் ஒரு பெரிய தலைமுறைக்கு இது விடுமுறைக் காலப் படம். கட்டிடங்களுக்கு நடுவே பறக்கும் சண்டைகளும் கறுப்பு உடையும் போதும் என்ற வயதில், பணியாளர் ஏன் முன்பே சொல்லவில்லை என்று யார் கேட்கப்போகிறார்கள்? உங்களுக்குப் பிடித்ததும் உண்மை. அவர்கள் காட்டிய ஓட்டைகளும் உண்மை.

படத்துக்குள்ளேயே இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. மேரி ஜேன் பிராட்வே மேடையில் பாடுகிறாள். மறுநாள் பத்திரிகை விமர்சனம் அவள் குரலைக் குறை சொல்கிறது. பீட்டர் ஆறுதல் சொல்கிறேன் என்று, ஸ்பைடர்மேனையும்தான் திட்டுகிறார்கள் என்று தன் கதையைத் தொடங்கிவிடுகிறான். அவளுக்கு வேண்டியிருந்தது தன் வலியைக் கேட்கும் ஒரு காது. சீக்கிரமே அந்த வேடமும் அவள் கையைவிட்டுப் போகிறது. இரண்டு பேர் பேசும் சின்னக் காட்சிதான், ஆனால் பீட்டரின் தலைக்கனத்தைக் கறுப்பு உடைக்கு முன்பே காட்டிவிடுகிறது. இந்தக் காட்சியைப் பற்றி யாரும் அதிகம் பேசாதது எனக்கு வியப்பு.

அப்போது திட்டியவர்கள் இப்போது ஏன் கொண்டாடுகிறார்கள்?

திட்டியவர்களும் கொண்டாடுபவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். முந்தைய கேள்வியில் சொன்ன தலைமுறை வளர்ந்துவிட்டது. மேலே வாதாடிய அதே நடனம் மீம்களாக உலகம் சுற்றியது. கேலியாகத் தொடங்கியது நாளடைவில் பாசமாக மாறியது. 2021 டிசம்பரில் வந்த 'நோ வே ஹோம்' என்ற ஸ்பைடர்மேன் படத்தில் மெக்வயர் மீண்டும் தோன்றியபோது அந்தப் பாசம் தியேட்டர்களில் ஆரவாரமாக வெளிப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. அடுத்தடுத்த படங்களுக்கு விளம்பரம் போல எடுத்த சூப்பர்ஹீரோ படங்கள் வரிசைகட்டி வந்த பிறகு, மன்னிப்பைப் பற்றி ஒரு கதையைச் சொல்ல முயன்று தடுக்கி விழுந்த படம் கூடுதல் மதிப்போடு தெரிகிறது. அந்த மதிப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். திரைக்கதையின் ஓட்டைகளை அது அடைத்துவிடாது.

வில்லன்கள் அதிகமானதுதான் குறை என்றால், ஐந்து வில்லன்கள் இருந்த 'நோ வே ஹோம்' மட்டும் எப்படிப் பாராட்டுப் பெற்றது?

நல்ல கேள்வி. எண்ணிக்கை மட்டும் குறை இல்லை. அறிமுகத்துக்கு ஆகும் நேரம்தான் சிக்கல். ரைமியின் படம் மார்க்கோவை, பிராக்கை, கறுப்புப் பொருளை, க்வெனை எல்லாம் முதன்முறையாக அறிமுகப்படுத்தி, வளர்த்து, முடிக்கவும் வேண்டியிருந்தது. 'நோ வே ஹோம்' படத்தின் ஐவரும் பழைய படங்களில் ஏற்கெனவே பிறந்து வளர்ந்தவர்கள். உள்ளே வந்ததும் பேசத் தொடங்கலாம்.

அந்தப் படத்திலும் ஐவருக்கும் சம இடம் கிடைக்கவில்லை. கிரீன் காப்ளினும் டாக்டர் ஆக்டோபஸும்தான் கதையைச் சுமக்கிறார்கள். பல்லி மனிதனும் சாண்ட்மேனும் ஓரமாக நிற்கிறார்கள். சாண்ட்மேன் பெரும்பாலும் மணல் உருவமும் நடிகர் சர்ச்சின் குரலுமாகவே வந்துபோகிறான். அவன் மனித முகத்துக்குத் திரும்பும் தருணத்துக்கு, 2007 படத்துக்காக எடுத்த காட்சியையே எடுத்துப் பயன்படுத்தினார்கள்.